மழை தாங்கும் விதைகள்

அந்தச் சரிவை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்ற செய்தியைச் சொல்ல என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதற்கும் அவசரப்படாத மனிதர் அவர்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, இலங்கை மலைநாட்டில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வந்து ஒரு வருஷம்கூட நிறைந்திருக்கவில்லை. பொங்கல் முடிந்து நல்ல வெயில் காய்ந்துகொண்டிருந்த நாட்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"புள்ள, கண்டாக்கையா சரின்னுட்டாரு! தொரையும் தலையாட்டிட்டாராம். அந்த எடம் பூரா நமக்குத்தான்!"

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது தொங்கல் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி அறை. அதைத் தாண்டினால் ஒரு சரிவு. முன்பு தேயிலை நின்ற இடம். ஒரு மழைக்காலத்தில் மேலே இருந்த தண்ணீர்க் கான் உடைத்துக்கொண்டு மண்ணோடு செடிகளையும் அடித்துப்போனது. மிச்சம் நின்ற செடிகள் மஞ்சளடித்துப் போயின. பாறையும் கல்லுமாகக் கிடந்ததால் தோட்டத்தில் மறுபடி தேயிலை போடவில்லை. என் மாமியாருக்கு அந்த இடத்தின்மேல் ரொம்ப நாளாகக் கண். தோட்டத்து வேலைகளைப் பார்க்கும் கண்டாக்கிடம் கேள், கேள் என்று மகனை நச்சரித்துக்கொண்டே இருந்தார். மகன் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் எப்படியோ வாயைத் திறந்திருக்கிறார்.

அதுவரை எங்களுக்குத் தோட்டம் என்று இருந்தது அடுப்படிக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கும் அளவு மண். அதில் ஒரு சௌசௌப் பந்தல், கூரைமேல் ஏறிய ஒரு பூசணிக்கொடி, ஓட்டைத் தகரத்தில் நாலைந்து மிளகாய்ச் செடி. அவ்வளவுதான்.

செய்தி கேட்டதும் மாமியார் உலை கொதிப்பதைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தார். அவரும் என்னைப் போலக் கொழுந்து பறிப்பவர்தான். ஆனால் உருவமும் குரலும் பெரிது. அவர் ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் பறிக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சரிவின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"அடி ஆத்தே! இதுல ஒரு கல்யாணத்துக்கே பந்தி போடலாமே!"

அன்றைக்குச் சோறு குழைந்துபோய்விட்டது. அதையே ருசித்துத் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும், சாயங்காலம் வேலை முடிந்தும் மூன்று பேருமாக அந்த இடத்தைத் திருத்தினோம். பட்டுப்போன தேயிலை மாறுகளைப் பிடுங்கினோம். வேரெல்லாம் விறகாயிற்று. கல்லைப் பொறுக்கி மண் சரியாமல் வரப்புக் கட்டினோம். அந்த வீட்டில் அதுவரை தலை நிமிர்ந்து பேசாத புதுப்பெண்ணான எனக்கு, அந்த வேலையில்தான் மாமியாரோடு பயமில்லாமல் பேச வந்தது. மண்ணில் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து நிற்கும்போது யாருக்கும் யாருடைய முகமும் தெரியாதல்லவா, அதனாலோ என்னவோ.

பாத்தி தயாரானதும் என்ன போடுவது என்ற பேச்சு வந்தது. அங்கேதான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

நான் பிறந்து வளர்ந்தது இறம்பொடைக்கு மேலே, நுவரெலியாப் பக்கம் ஏறும் வழியில் ஒரு தோட்டம். குளிர் ஊர். தை, மாசியில் விடியற்காலம் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். அங்கே எங்கள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கோவாவை, அதாவது முட்டைக்கோஸை, தூக்க இரண்டு கையும் வேண்டும். வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் என் கை மணிக்கட்டு பருமன் வரும். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

"கோவா, லீக்ஸ், கரட். இந்த மூணும் போட்டாப் போதும் அத்த. எங்க ஊர்ல எப்புடி வரும் தெரியுங்களா?"

"ஒங்க ஊரு ஒங்க ஊர்லயே இருக்கட்டும். இங்க புடலங்கா போடணும். நானும் இந்த மலைக்கு வந்த நாள்லேருந்து பாக்குறேன், கடையில வாடி வதங்கிக் கெடக்கிறதுதான் கெடைக்குது. கொடியில தொங்குற புடலங்காய ஒருக்கா கண்ணால பாத்துறணும்."

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னார்: "உருளக்கெழங்கு போடலாமே."

"கெழங்கா? அத மண்ணுக்குள்ள போட்டுட்டு என்னத்தப் பாக்குறது? காய்ச்சுத் தொங்குனாத்தானே கண்ணுக்கு நெறவா இருக்கும்!" என்றார் மாமியார்.

"பொரிச்சுத் திங்கையில பாத்துக்கிறலாம்மா."

லயத்துக் காம்பராக்களின் இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுப் பெண்ணின் குரல் வந்தது.

"தக்காளி போடுங்கக்கா! காய்ச்சா எங்களுக்கும் ரெண்டு குடுக்கலாமில்ல!"

"ஒட்டுக்கேக்குற காதுக்குத் தக்காளி கெடையாது!" என்று மாமியார் கூரையைப் பார்த்துக் கத்தினார். அதற்கு அடுத்த வீட்டிலும், அதற்கும் அடுத்த வீட்டிலும் சிரிப்பு எழுந்து வரிசை நெடுகப் போனது.

கடைசியில் மாமியாரே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிவில் கோடு கிழித்தார். வெயில் முதலில் விழும் மேல்பகுதி அவருக்கு. நடுப்பகுதி எனக்கு. அடிப்பகுதி மகனுக்கு. அவரவர் இஷ்டப்பட்டதை அவரவர் போட்டுக்கொள்வது, ஒருத்தர் பாத்தியில் மற்றவர் வாய் வைக்கக்கூடாது. இந்த இரண்டாவது விதியை முதலில் மீறியவரும் அவர்தான்.

விதை வாங்க நானும் என் வீட்டுக்காரரும் ரயிலேறி ஹட்டனுக்குப் போனோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாக வெளியே போனது அன்றுதான். நான் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தேன். விதை வாங்கவா இந்தச் சேலை என்று மாமியார் கேட்டார். கேட்டுவிட்டு அவரே என் தலையில் பூவும் வைத்துவிட்டார்.

கடைவீதியில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் கடை. மம்பட்டி, கயிறு, சாக்கு எல்லாம் விற்பார். ஒரு மூலையில் கண்ணாடிப் போத்தல்களில் விதையும், படம் போட்ட விதைப் பொட்டலங்களும் வைத்திருந்தார். நான் கோவா விதை கேட்டேன். இரண்டு பொட்டலத்தை எடுத்து முன்னால் போட்டார். ஒன்றில் பெரிய, தட்டையான கோவா, அகல விரித்த இலையோடு. மற்றதில் சின்னதாக, உச்சி கூர்ந்த கோவா.

"எது நல்லது நானா?"

"எல்லாம் நல்லதுதான் தங்கச்சி. நான் விக்கிறவன், நட்டா பாத்தேன்? படத்தப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!"

நான் யோசிக்கவே இல்லை. பெரியதை எடுத்தேன். கூர்ந்தது வளர்ச்சி பத்தாத பிள்ளை மாதிரி இருந்தது. லீக்ஸ், கரட் விதையும் வாங்கினேன். மாமியாருக்குப் புடலை விதை, வீட்டுக்காரருக்கு முளைவிட்ட உருளைக்கிழங்கு. தேநீர்க் கடையில் வடை தின்றுவிட்டு ரயிலில் உட்கார்ந்து, மடியில் பொட்டலங்களை வைத்துப் படம் படமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி றொசல்லையைத் தாண்டும்போது அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அந்தக் கூர்ந்த கோவா.

"இத எதுக்கு வாங்குனீங்க?"

"சும்மாதான். பம்பரம் மாதிரி இருந்துச்சு. புடிச்சுப் போச்சு."

நான் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த பெரியவர் விழித்துக்கொண்டார்.

மாசியும் பங்குனியும் எங்களுக்குத் திருவிழா மாதிரி போயின. மாட்டுப்பட்டியிலிருந்து சாணி வந்தது. ஸ்டோர் அடுப்புச் சாம்பலை அவர் சாக்கில் கட்டித் தோளில் கொண்டுவந்தார். நத்தைக்கும் அட்டைக்கும் அதுதான் மருந்து. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே மாமியார் சரிவில் நிற்பார். தன் பாத்தியைப் பார்த்துவிட்டு, என் பாத்தியையும் பார்ப்பார்.

"ஏம் புள்ள, ஒன் கரட்டு மொளச்சிருச்சு. களையா பயிரான்னு தெரியல, ஒண்ணு புடுங்கிப் பாத்தேன். பயிருதான்."

"அத்த!"

"ஒண்ணுதான் புடுங்குனேன்."

கோவா நாற்று நட்டு, இலை விரிந்து, நடுவில் உருளத் தொடங்கியது. லீக்ஸ் வரிசையாகப் பச்சைப் பென்சில் குத்திவைத்த மாதிரி நின்றது. பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வரட்டும், காட்டுகிறேன் என்று மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன்.

பிறகு மழை வந்தது.

எங்கள் ஊரிலும் மழை பெய்யும். பெய்யும், விடும், வெயிலடிக்கும். வட்டவளை மழை வேறு சாதி. வைகாசியில் வந்து உட்கார்ந்தால் ஆவணி வரைக்கும் எழுந்து போகாது. துவைத்த துணி காயாது, விறகு எரியாது, படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்தாலும் உள்பாவாடை வரை நனைந்துவிடும். முதல் வருஷம் புதுப்பெண்ணாக அந்த மழையைப் பார்த்திருந்தேன். ஆனால் செடிக்காரியாகப் பார்த்தது அப்போதுதான்.

என் கோவாக்கள் ஆசையாக இலையை விரித்து வைத்திருந்தன அல்லவா, ஒவ்வொன்றும் ஒரு தாம்பாளம் போலத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கோவாவின் நடுவில் சின்னத் தவளை ஒன்று சுகமாக உட்கார்ந்திருந்தது. சில நாளில் நாற்றம் தொடங்கியது. விரலால் தொட்டால் கூழாக உள்ளே போனது. லீக்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அவருடைய உருளைக்கிழங்கு இலைகள் ஒரே வாரத்தில் தீயில் வாட்டிய மாதிரி கறுத்துப்போயின. மாமியாரின் புடலங்காய் விரல் நீளத்துக்குமேல் போக மாட்டேன் என்று அட்டை மாதிரிச் சுருண்டுகொண்டது. அது நேராக வளரட்டும் என்று அந்த விரல் நீளக் காயின் நுனியில் அவர் நூல்போட்டுக் கூழாங்கல் கட்டியிருந்தார்.

மிச்சம் இருந்த கரட்டையாவது பிடுங்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நனைந்துகொண்டே இறங்கினேன். முதல் கரட்டுக்கு இரண்டு கால். அடுத்ததற்கு மூன்று. ஒன்று இன்னொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது. கல் நிறைந்த மண்ணில் வேர் போக வழியில்லாமல் பிரிந்து பிரிந்து போயிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரியாது என்று நன்றாகவே அழுதேன்.

மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் ஒரு கரட்டை எடுத்து மழைத் தண்ணீரில் கழுவினார். கால்மேல் கால் போட்டு, வயிறு முன்னுக்குத் தள்ளி நின்றது அது. அதைத் தூக்கிப்பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"புள்ள, இது அசப்புல நம்ம கணக்கப்புள்ள மாதிரியே இல்ல?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தேன். சத்தியமாக அப்படியே இருந்தது. கொழுந்து நிறுக்கும்போது அவர் நிற்கும் அதே நிலை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் அடுத்ததை எடுத்தார்.

"இது ஒம் புருசன். ஸ்டோர்ல நின்னுக்கிட்டே தூங்குறான் பாரு."

கூடையோடு எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனோம். இஸ்தோப்பில், அந்த நீள வராந்தாவில், பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு கரட்டுக்கும் ஒரு ஆளின் பெயர் வைத்தார்கள். தலையில் இலையோடு தடித்து நின்ற ஒன்றைப் பார்த்து, "இது ஒங்க அத்த!" என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னபோது மாமியார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கையும் தோண்டினோம். எல்லாம் கோலிக்குண்டு அளவு. தோல்கூட உரிக்காமல் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு முழுதாகப் பொரித்தேன். அதை வாயில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் கண்ணை மூடியபடி, "பெருசா வெளஞ்சிருந்தா இந்த ருசி வராது" என்றார். அவர் மனதாரச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது.

உருளைக்கிழங்கு தோண்டப் போன இடத்தில்தான் அதைக் கண்டோம். அவருடைய பாத்தியின் ஓரத்தில், வரப்புக்கு மறைவில், கீழே ஓடும் ஓடைப் பக்கமாக, கூர்ந்த கோவா வரிசை. நட்டதையே அவர் மறந்துவிட்டிருந்தார். ஒவ்வொன்றும் இலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கூரை மாதிரி உச்சியில் விழும் மழையை வழியவிட்டுக்கொண்டு நின்றது. அழுகல் இல்லை, நாற்றம் இல்லை. தட்டினால் ணங்கென்றது.

"என் பம்பரம்!" என்றார் அவர். அத்தனை பெரிய ஆம்பிளை மழையில் ஒரு குதி குதித்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் நாடு. நாடு என்று நாங்கள் சொல்வது சிங்களக் கிராமத்தை. அங்கேயிருந்து ஒரு சிங்கள அக்கா வெற்றிலையும் பலாக்காயும் கொண்டு லயத்துக்கு வருவார். அந்தக் கோவாவை ஓடைக் கரையிலிருந்து அவரும் கவனித்திருக்கிறார். ஒரு நாள் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நங்கி, மே மொக்கத?" இது என்ன, தங்கச்சி?

"கோவா" என்றேன்.

"கோவா, கோவா!" என்று அவர் தலையாட்டினார். சிங்களத்திலும் அதே பெயர்தான். எனக்கு அவருடைய மொழி அரைகுறை, அவருக்கு என்னுடையது அதைவிட அரைகுறை. ஆனால் கோவாவுக்குக் கோவா, கரட்டுக்குக் கரட், போஞ்சிக்குப் போஞ்சி, ராபுவுக்கு ராபு, லீக்ஸுக்கு லீக்ஸ். காய்கறிப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டே நாங்கள் பாதி நாள் பேசியிருப்போம். மிச்சத்துக்குக் கை இருந்தது.

அவருக்குக் கூர்ந்த கோவா நாற்று வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து ஓடையைக் கடத்தித் தன் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனார். கொட்டுகிற மழையில் அங்கே எல்லாம் செழித்து நின்றது. பாத்திகளை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிப் போட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடச் சாய்வாகக் கான் வெட்டியிருந்தார். வெள்ளை ராபு, முள்ளங்கிதான், மண்ணுக்குமேல் தோள் காட்டிக்கொண்டிருந்தது. கம்புகளில் ஏறிய கொடிப்போஞ்சி, அதாவது பீன்ஸ், காயாகத் தொங்கியது. ஒரு முற்றிய காயைப் பிளந்து காட்டினார். உள்ளே விதை கன்னங்கரேலென்று மினுங்கியது. நான் வெள்ளைப் போஞ்சி விதைதான் பார்த்திருந்தேன்.

"மேக்க வெஸ்ஸட்ட ஹொந்தாய்" என்றார். மழைக்கு இது நல்லது. என் முந்தானையின் மூலையை இழுத்து, ஒரு கைப்பிடி விதையை அதில் முடிந்துவிட்டார்.

அந்த முடிச்சோடு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் காட்டினேன். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "பல்லு போயிரும் போல இருக்கே! இதத்தான் மழ என்ன செய்யும்?"

ஐப்பசி பிறக்குமுன் இரண்டாவது தடவை விதை தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். நடுவில் சுளகு, அதில் குட்டிக் குட்டிக் குவியலாக விதைகள். இந்தத் தடவை பேச்சு வேறு மாதிரிப் போனது. கோடு கிழித்து மூன்றாகப் பிரித்த பாத்தியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எந்தச் செடி எந்த மாதத்தைத் தாங்கும் என்பதுதான் பேச்சு. பெரிய கோவாவைப் போட வேண்டாம் என்று நான் ஒதுக்கிவைத்தேன். மாமியார் அதை மறுபடி எடுத்து நடுவில் வைத்தார்.

"ஏம் புள்ள ஒதுக்குற? தப்பு கோவா மேல இல்ல. நாமதான் அத மழைக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்துனோம். இப்ப போட்டா பொங்கலுக்கு வெட்டிறலாம். அப்ப எங்க மழ?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஊர்க் காய்க்காக அவர் வாதாடுகிறார். அதற்குப் பதிலாக நான் என்ன செய்ய? புடலை விதையில் ஒன்றை எடுத்து, "இத அடுப்படிச் சுவரோரம் போடுவோம் அத்த. அடுப்புச் சூடு இருக்கும்ல" என்றேன். அவர் என் கன்னத்தில் லேசாக இடித்தார்.

மழைக்காலத்துக்கு என்று கூர்ந்த கோவா, கறுப்பு விதைப் போஞ்சி, ராபு, சௌசௌ. பனியும் வெயிலுமான மாதங்களுக்குப் பெரிய கோவா, கொஞ்சம் லீக்ஸ். கரட்டுக்கு மட்டும் கல் பொறுக்கிச் சலித்த மண்ணில் ஒரு சின்னப் பாத்தி. கல் உள்ள இடத்திலும் கொஞ்சம் போட வேண்டும் என்று மாமியார் அடம்பிடித்தார். ஆள் உருவத்தில் வருவதைப் பார்க்கத்தான்.

அந்தச் சமயம் நான் முழுகாமல் இருந்தேன். எதைத் தின்றாலும் குமட்டியது. சோற்று வாசனையே ஆகவில்லை. சிங்கள அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். இளம் ராபு இலையைப் பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேர்த்துச் சுண்டி, வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தார். அதைத் தொட்டுக்கொண்டு ஒரு தட்டுச் சோறு தின்றேன். மாமியார் அதை எப்படிச் செய்வது என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். இரண்டு பேரும் அடுப்படியில் குந்திக்கொண்டு, ஒருவர் சிங்களத்திலும் ஒருவர் தமிழிலும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படியோ மறுநாள் மாமியார் செய்தது சரியாகவே வந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் என் அண்ணன் வந்தார். பஸ்ஸும் ரயிலும் மாறி, தோளில் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே கோவா, லீக்ஸ், பீட்ரூட், எல்லாம் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் காய்.

"இங்க மழையில எல்லாம் அழுகிப்போகும்னு சொன்னாங்க தங்கச்சி. அதான் அம்மா குடுத்தனுப்புனாங்க. நீ பாவம், என்னத்தத் திங்கிறியோன்னு."

நான் அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் விலகிய பாத்திகள். இரண்டு சாதிக் கோவாவும் பக்கத்தில் பக்கத்தில் உருண்டு திரண்டிருந்தன. கம்பெல்லாம் போஞ்சி. அண்ணன் வரப்பில் நடந்து கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஒரு கோவாவை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"நெசமா சொல்லு. இதெல்லாம் நீயா போட்ட?"

பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அவ போட்டது, நான் போட்டது, ஒங்க மச்சான் தூக்கத்துல போட்டது, ஓடைக்கு அந்தாண்ட ஒரு அக்கா போட்டது. நீங்க மூட்டைய இங்க எறக்கிருக்க வேணாம் தம்பி. திரும்பத் தூக்கிக்கிட்டுப் போங்க!"

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சிரித்துவிட்டு, மூட்டையை வாங்கிக்கொண்டார். "குளுருல வெளஞ்ச பீட்ரூட்டு ருசியே தனி. நாளைக்கு அதுவும் ஒரு கறி."

மறுநாள் வாசலில் பொங்கல் பொங்கியது. போஞ்சிக் கறி, கோவாச் சுண்டல், ராபுக் குழம்பு, சௌசௌக் கூட்டு, அண்ணனின் பீட்ரூட். அடுப்படிச் சுவரில் புடலை ஒரேயொரு காய் காய்த்திருந்தது. முழங்கை நீளம், கொஞ்சம் கோணல். மாமியார் அதைத் தன் கையால் அரிந்து, பருப்புப் போட்டுக் கூட்டாக்கி, லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு கரண்டி கொண்டுபோய்க் கொடுத்தார். சிங்கள அக்கா வாசலில் பாயில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார். சர்க்கரைப் பொங்கலை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

போகும்போது அண்ணன் கறுப்புப் போஞ்சி விதை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை வந்தபோது நான் ஆவலோடு கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "மொளச்சிச்சு, ஏறுச்சு. ஒரு நா பனி விழுந்துச்சு, அவ்வளவுதான். ஒங்க போஞ்சிக்கு எங்க குளுரு ஆகல தங்கச்சி." நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குள் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த விதை எங்கள் மழைக்கென்றே பிறந்தது என்று ஒரு பெருமை.

என் மூத்த மகள் வைகாசியில், மழை உட்கார்ந்த பிறகு பிறந்தாள். அவள் தவழத் தொடங்குவதற்குள் லயத்தில் இன்னும் சில வீட்டுக்காரர்கள் கண்டாக்கிடம் கேட்டு, கிடைத்த மூலை முடுக்கில் எல்லாம் பாத்தி போட்டுவிட்டார்கள். விதைக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். மாமியார் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "எந்தப் பக்கம் போடப்போற? தண்ணி நிக்குமா, ஓடுமா? எந்த மாசம்?" என்று கேட்டு, சுளகிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிக் கொடுப்பார்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பு நெடுக வீட்டுக்கு வீடு சாக்கு விரித்து, முற்றிய போஞ்சியை உரித்துக் காயப்போட்டிருப்போம். என் மகள் எங்கள் சாக்கின் நடுவில் உட்கார்ந்து, கறுப்பு விதைகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தன் தலையிலேயே கொட்டிக்கொள்வாள். மாமியார் பக்கத்தில் ஒரு குச்சியோடு உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருப்பார்.